காத்தாயி கையைப் பிடித்து வந்த தண்ணீர்

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் தண்ணீரும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தண்ணீருக்கு ஒரே ஒரு நடைதான் இருந்தது. நடுவில் ஓடுகிற தண்ணீரும் கரையை உரசுகிற தண்ணீரும், மேலே மினுங்குகிற தண்ணீரும் அடியில் மணலைத் தொடுகிற தண்ணீரும் எல்லாம் ஒரே வேகத்தில், ஒரு பெரிய பலகையைத் தள்ளிவிட்டதுபோல மொத்தமாய்ப் போகும். ஆற்றில் யாரும் கால் வைக்க முடியாது. மீன் குஞ்சு பொரிக்க ஆற்றில் ஒதுங்கிடம் கிடையாது. குளத்தையும் குட்டையையும் தேடித்தான் போக வேண்டும். கரையில் ஒரு புல் முளைத்து விளிம்பை எட்டிப் பார்த்தால், அது வேரோடு போய்விடும். அதனால் மக்கள் ஆற்றுக்குப் பயந்து எட்டத்தில் ஊர் கட்டிக்கொண்டு, சுனையையும் மழைக்குளத்தையும் நம்பிப் பிழைத்தார்கள்.

அப்போது மலைமேல் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு பெரிய சுனைக்குப் பக்கத்தில் அவள் குடிசை. பிறக்கும்போதே அவளுடைய இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. மற்றவர்கள் ஒரே மூச்சில் நடக்கிற தூரத்தை அவள் நின்று நின்று, மூச்சு வாங்கித்தான் கடப்பாள். தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போனபோது அவளுக்கு மிஞ்சியது தங்கை அரும்பு மட்டும்தான். அரும்பு அப்போது தவழ்கிற பிள்ளை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே காத்தாயி தினை விதைத்தாள், கிழங்கு அகழ்ந்தாள், கூடை முடைந்தாள். தனக்கென்று ஒரு கல்யாணம் என்று அவள் யோசிக்கவே இல்லை. அரும்பு வளர்ந்து நின்றபோது, மூங்கில் வெட்ட வந்த சேந்தன் அவளைப் பார்த்தான். கீழே சமவெளியில் இருக்கும் வெள்ளாங்காட்டுக்காரன். அதிர்ந்து பேசாதவன். காத்தாயி தங்கையை அவனுக்கே கட்டிக்கொடுத்தாள்.

அரும்பு புருஷனோடு புறப்பட்டுப் போன அன்று காத்தாயி சுனைக்கரையில் உட்கார்ந்து அழுதாள். சுனையிலிருந்த தண்ணீர் அவளைப் பார்த்துக் கேட்டது.

"எதுக்கு அழுறே காத்தாயி? போறதுன்னா நல்லதுதானே. நான் தினமும் போறேன்."

"நீ போறே. உனக்குன்னு ஆள் கிடையாது. எனக்கு இருந்த ஒரு ஆளும் போயிட்டா."

தண்ணீருக்கு அது விளங்கவில்லை. ஆள் என்றால் என்ன என்று கேட்க நினைத்தது. அதற்குள் சுனை நிரம்பி வழிய, அது மலையின் மறுபக்கச் சரிவில் விழுந்து, ஆற்றோடு சேர்ந்து ஓடிப்போய்விட்டது.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த பருவமும் பொய்த்தது. மலைச்சுனை மட்டும் வற்றவில்லை. ஒருநாள் காலை, சேற்றில் மேயும் உள்ளான் குருவி ஒன்று கீழேயிருந்து பறந்துவந்து காத்தாயியின் வாசலில் விழுந்தது. அவள் உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் குருவி சொன்னது:

"தாயி, வெள்ளாங்காட்டுக் குளம் வத்திப்போச்சு. நான் மேஞ்ச சேறெல்லாம் ஓடு ஓடா வெடிச்சுக் கிடக்கு. உன் தங்கச்சி முழுகாம இருக்கா. குளத்து நடுவுல குழி தோண்டி, ஊறுற கலங்கலைத் துணியில வடிச்சுக் குடிக்கிறா. நான் கிளம்பும்போது, 'அக்காகிட்ட என்ன சொல்லட்டும்'னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'நல்லா இருக்கேன்னு சொல்லு'ன்னா."

காத்தாயிக்கு அந்த ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். தங்கை வயிற்றில் பிள்ளை வளர்கிறது. தாய்வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். தாய்வீடு என்று இருப்பது இவள் ஒருத்தி. குடிசையில் நாலு கூடையும் ஒரு மண்வெட்டியும் ஒரு சுரைக்குடுவையும் இருந்தன. வாசலில் சுனை இருந்தது.

அவள் சுனைக்கரைக்குப் போனாள்.

"தண்ணியே, நீ என் தங்கச்சி வீட்டுக்குப் போறியா?"

"எனக்குத் திசை தெரியாது காத்தாயி. எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கம் போவேன். முன்னால ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தாப் போதும், வந்துடுவேன். ஒரு விரல்கடை உசந்திருந்தா, யாரு வந்து கூப்பிட்டாலும் என்னால முடியாது."

"தாழ்வா நான் வெட்டித் தர்றேன்."

குருவி செய்தி கொண்டுபோனது. சேந்தன் ஊர்க்காரர்களில் திடமானவர்களைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து சேர்ந்தான். சரிவைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மதினி, மலையைச் சுத்தி வளைச்சு வெட்டினா ரொம்ப நாளாகும். நேராக் கீழ இறக்கிடலாமா?"

காத்தாயிக்கும் அவசரம்தான். தங்கையின் வறண்ட உதடு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. "நேராவே இறக்குங்க மாப்பிள்ளை. சீக்கிரம் போய்ச் சேரட்டும்" என்றாள்.

அப்படியே வெட்டினார்கள். சுனையின் வாயிலிருந்து நூல் பிடித்ததுபோல் ஒரு வாய்க்கால் மலையை விட்டு இறங்கி, காட்டைத் தாண்டி, வெள்ளாங்காட்டு நடுத்தெரு வரைக்கும் போய், ஊருக்கு அப்பால் பள்ளத்தில் முடிந்தது. எல்லோரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, காத்தாயி தன் கையாலேயே மடையைத் திறந்தாள். தண்ணீர் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு இறங்கிப் போனது. அவள் அது போன வழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்நேரம் காட்டைத் தாண்டியிருக்கும். இந்நேரம் அரும்பு குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருப்பாள். முதல் குடத்தை என்ன செய்வாள்? தலையில் ஊற்றிக்கொள்வாள். சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். காத்தாயி தனியாக நின்று சிரித்தாள்.

பொழுது சாய்வதற்குள் உள்ளான் குருவி அலறிக்கொண்டு வந்தது. இறக்கையெல்லாம் சேறு.

"மடையை அடை தாயி! மடையை அடை!"

அவள் கல்லையும் மண்ணையும் அள்ளிப் போட்டு மடையை அடைத்தாள். மறுநாள் சேந்தன் வந்தான். அவன் வலதுகை வீங்கியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"குடத்தை வச்சேன் மதினி. குடமும் போச்சு, கையும் திருகிக்கிச்சு. யாராலும் ஒரு செம்பு மொள்ள முடியலை. வந்த வேகத்துல ரெண்டு கரையையும் அரிச்சு, என் கொல்லையில இருந்த மேல்மண்ணை மொத்தமா வாரிக்கிட்டு, ஊரைத் தாண்டிப் பள்ளத்துல விழுந்து போயிடுச்சு. மொய்யன் வீட்டுப் பால் ஆடும் போச்சு."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"'தாய்வீட்டுச் சீர் வந்துச்சு, ஊரு கெட்டுச்சு'ன்னு பேசுறாங்க. இனிமே இங்க இருந்து பிரயோசனம் இல்லை, அமாவாசை கழிஞ்சதும் எல்லாரும் தெக்கே போயிடலாம்னு ஊர்த்தலைவர் நல்லாண்டி சொல்லிட்டாரு. அரும்புக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அவளால நடக்க முடியாது. நீங்க போங்க, நாங்க இருந்துக்கறோம்னு சொல்லிட்டேன்."

"தண்ணியில்லாம ரெண்டு பேரும் எப்படி இருப்பீங்க?"

"அரும்பு உங்க மேல யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு ஊரோட சண்டை போட்டா மதினி" என்று மட்டும் சொன்னான்.

அவன் போனதும் காத்தாயி நேரே சுனைக்குப் போனாள். அழவில்லை. கோபமாகக் கேட்டாள்.

"உன்னை என் தங்கச்சிக்குக் குடிக்கக் கொடுக்கத்தானே அனுப்பினேன்? அவ வீட்டு மண்ணை வாரிக்கிட்டுப் போவியா நீ?"

தண்ணீர் திகைத்துப் போனது. "நான் போனேன், அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்ச நடை அது ஒண்ணுதான் காத்தாயி. உன் தங்கச்சி வீடு எதுன்னே எனக்குத் தெரியலை. பார்க்கிறதுக்குள்ள தாண்டிட்டேன். எல்லாத்தையும் நான் அப்படித்தான் தாண்டியிருக்கேன். எந்த ஊரையும் நான் சரியாப் பார்த்தது கிடையாது."

"கொஞ்சம் நின்னு போனா என்ன?"

"நில்லுன்னு யாரும் சொன்னதில்லை. கூட யாரும் வந்ததும் இல்லை. தொட்டவங்க எல்லாரும் விழுந்துட்டாங்க. அதனால யாரும் தொடுறதில்லை." அது சுனை விளிம்பில் தளும்பியது. "அன்னைக்கு நீ ஆள் ஆள்னு அழுதியே, அது என்னன்னு நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

காத்தாயியின் கோபம் அப்படியே இறங்கிப் போயிற்று. தன் திரும்பிய பாதத்தைப் பார்த்தாள். ஊரில் எல்லோரும் முன்னால் போய்விட, கடைசியாக, தனியாக, நின்று நின்று நடந்த எத்தனையோ வழிகள் அவள் நினைவுக்கு வந்தன. முந்திப் போகிறவர்களும் தனியாகத்தான் போகிறார்கள் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

"நான் உன்கூட வர்றேன்" என்றாள்.

"உன்னால என்கூட வர முடியாது."

"அப்ப நீ என்கூட வா."

மறுநாளே அவள் மலைச்சரிவில் வேறு பாதை பார்க்கத் தொடங்கினாள். காட்டிலிருந்து ஊர்வரை பழைய வாய்க்காலே போதும். மேலே மலையில்தான் மாற்ற வேண்டியிருந்தது. இந்த முறை நேராக இறக்கவில்லை. மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, தான் நடந்தால் மூச்சு வாங்காத சரிவாகப் பார்த்து வெட்டினாள். சுரைக்குடுவையில் சுனைத்தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், வெட்டிய தரையில் கொஞ்சம் ஊற்றுவாள். "இப்படி" என்று அந்தக் கொஞ்சத் தண்ணீர் சின்னக் குரலில் சொல்லும். அவசரமாக ஓடினால் சரிவு அதிகம் என்று மண் போட்டு உயர்த்துவாள். நின்றுவிட்டால் இன்னும் கொஞ்சம் தோண்டுவாள். தண்ணீர் யோசித்து யோசித்துப் போவதுபோல் நகர்ந்தால், அதுதான் சரி. வீங்கிய கையோடு சேந்தன் முடிந்தபோதெல்லாம் வந்து கல் புரட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு தடவை வந்தபோது, "பெண் பிறந்திருக்கு மதினி" என்றான். சிரிக்க முயன்றான். "பிள்ளையைக் குளிப்பாட்டலை. ஈரத்துணியால துடைச்சு வச்சிருக்கு" என்றான்.

அன்றிலிருந்து காத்தாயி சாப்பிடுகிற நேரம் தவிர மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அமாவாசை போய் மறுநாள் விடிந்தது. வெள்ளாங்காட்டில் வண்டி கட்டுகிறார்கள் என்று உள்ளான் குருவி வந்து சொன்னது. காத்தாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மடையைத் திறந்தாள். தண்ணீர் புது வாய்க்காலுக்குள் திரும்பியது. சரிவு குறைந்திருந்ததால் முன்னைப்போல் பாயவில்லை. ஆனாலும் பலகை பலகையாக, அடியும் மேலும் நடுவும் ஓரமும் ஒன்றாக, யாரையும் பாராமல் போகிற அதே நடைதான். இது இப்படியே போனால் ஊரை மறுபடி தாண்டிப் போய்விடும்.

அப்போது காத்தாயி அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். ஓடுகிற தண்ணீருக்குள் இறங்கினாள்.

இறங்கிய உடனே விழுந்தாள். தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போனது. முழங்கால் கல்லில் தேய்ந்தது, உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"விட்டுடு காத்தாயி! சொன்னேனே, ஏறிப் போயிடு!" என்று தண்ணீர் கத்தியது.

"விடமாட்டேன்."

உள்பக்கம் திரும்பிய அவளுடைய இடது பாதம் அடிமணலில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டது. அதை ஊன்றி அவள் எழுந்து நின்றாள். தண்ணீர் தொடைவரை இருந்தது. கரையோரமாய் ஒட்டி நின்று, கையைத் தொங்கவிட்டு, விரல்களை விரித்துத் தண்ணீருக்குள் நீட்டினாள்.

"கையைப் பிடிச்சுக்க" என்றாள். "எனக்கு வேகமா நடக்க வராது. நீ என்னைப் பிடிச்சுக்கிட்டு வரணும்."

அவள் விரல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த தண்ணீர் அந்தச் சூட்டை உணர்ந்தது. அதற்குக் கை பிடிக்கத் தெரியாது. தயங்கி, விரலைச் சுற்றிவந்து, ஒருமாதிரி ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதும் அதன் வேகம் விழுந்தது. அவளுடைய பாதத்தைத் தொட்ட அடித்தண்ணீரும் அப்படியே மெதுவானது. நடுவிலிருந்த தண்ணீர் திரும்பிப் பார்த்து, "என்ன, வரலையா?" என்று கேட்டது.

"நீ முன்னால போ" என்றது கரைத்தண்ணீர். "நான் இவளோட வர்றேன்."

ஆனால் எல்லாம் ஒரே தண்ணீர். ஒன்றை விட்டு ஒன்று எப்படிப் போகும்? காத்தாயியைப் பிடித்திருந்த தண்ணீரைப் பக்கத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. அதை அதற்கு அடுத்தது பிடித்துக்கொண்டது. அவளை ஒட்டியது மிக மெதுவாக, அடுத்தது சற்றே விரைவாக, நடுவில் இருந்தது இன்னும் விரைவாக, ஆனால் முன்னைப்போல் கண்மண் தெரியாமல் இல்லை. உள்ளான் குருவிக்கு எதிர்க்கரையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அந்தப் பக்கத்துக்கு யாரு துணை?" என்று சொல்லிவிட்டு அங்கே போய் இறங்கி, தன் மெல்லிய காலைத் தண்ணீரில் வைத்து, வாலை ஆட்டி ஆட்டிச் சின்ன அடியாய் நடந்தது. அந்தக் கரைத்தண்ணீர் குருவியோடு நடந்தது.

இப்படியாக அவர்கள் மலையைச் சுற்றி இறங்கினார்கள். காத்தாயிக்குக் கால் வலித்தால் நிற்பாள். அவள் நின்ற இடத்தில் கரைத்தண்ணீர் போகவும் மனமில்லாமல், நிற்கவும் தெரியாமல், அவளுக்குப் பின்னால் சின்னச் சுழியாய்ச் சுற்றிக்கொண்டு காத்திருக்கும்.

"வலிக்குதா?" என்று கேட்கும்.

"வலிக்கத்தான் செய்யுது. நீ பேசிக்கிட்டே வா."

"அது என்ன மரம்?"

"இலுப்பை."

"எத்தனையோ மரத்தைத் தாண்டியிருக்கேன். ஒண்ணோட பேரும் தெரியாது."

வழியெல்லாம் அவள் மரத்தின் பெயரையும் கல்லின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தாள். அரும்பு சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடுப்பிலிருந்து கேட்பாளே, அதே மாதிரி தண்ணீர் விடாமல் கேட்டது.

மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இரண்டு பெரிய பாறைகள் இருந்தன. அவற்றைப் பெயர்க்க முடியாமல் நடுவில் ஒடுக்கமாகத்தான் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அங்கே வந்ததும் தண்ணீர் கலங்கியது.

"காத்தாயி, இது வரைக்கும் இடம் இருந்துச்சு, மெல்ல வந்தேன். பின்னால இருந்து வந்துக்கிட்டே இருக்கேன் பாரு. இவ்வளவு தண்ணியும் இந்தச் சந்துக்குள்ள போகணும்னா விரைஞ்சுதான் போயாகணும். உன் கையை நான் விட்டுத்தான் ஆகணும்."

காத்தாயி கையை எடுக்கவில்லை. விட்டால் பழைய நடைக்கே போய்விடுமோ? போய்விட்டால், இன்னொரு தடவை முயன்று பார்க்க அந்த ஊரில் ஆள் இருக்காது. அரும்பும் சேந்தனும் குழந்தையும் மட்டும் இருப்பார்கள், காய்ந்த குளத்தோரத்தில்.

"அந்தப் பக்கம் அகலமா இருக்குல்ல?" என்று தண்ணீரே கேட்டது. "நீ பாறையைச் சுத்தி வா. நான் அங்க நிக்கறேன்."

"நிப்பியா?"

"எனக்குத் தெரியலை. ஆனா நிக்கணும்னு இருக்கு."

அவள் கையை எடுத்தாள். தண்ணீர் ஒடுங்கி, உயர்ந்து, பெரும் சத்தத்தோடு பாறைச் சந்துக்குள் பாய்ந்தது. காத்தாயி கரையேறி, பாறையைச் சுற்றி, முள்ளைப் பாராமல் தத்தித் தத்தி ஓடினாள். அவள் வாழ்நாளில் ஓடியது அந்த ஒரு தடவைதான். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தபோது, அகன்ற வாய்க்காலில் நடுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு போக, கரையோரம் மட்டும் தண்ணீர் அப்படியே வட்டமடித்துக்கொண்டு, பாறை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தண்ணீருக்குள் இறங்கிக் கையை நீட்டினாள். இந்த முறை தண்ணீருக்கு அதைப் பிடிக்கத் தெரிந்திருந்தது.

வெள்ளாங்காட்டில் வண்டிகள் புறப்படத் தயாராய் நின்றன. வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்த்ததும் எல்லோரும் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். ஊர்த்தலைவர் நல்லாண்டி, "மண்ணைப் போடுங்கடா! ஊருக்குள்ள விடாதீங்க!" என்று கத்தினார். ஆட்கள் கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வாய்க்காலுக்குள் இடுப்புவரை நனைந்து ஒரு பெண் நடந்து வருகிறாள் என்பது அப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கூடைகள் அப்படியே நின்றுவிட்டன. ஓடுகிற தண்ணீருக்குள் மனிதர் நடப்பதை அவர்கள் பார்த்ததே இல்லை.

"கையை வச்சுப் பாருங்க!" என்றாள் காத்தாயி. "ஒண்ணும் செய்யாது, வச்சுப் பாருங்க!"

ஒருவரும் அசையவில்லை. பால் ஆட்டைப் பறிகொடுத்த மொய்யன் தன் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அரும்பு வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு. சுவரைப் பிடித்து, ஆட்களைப் பிடித்து நடந்து வந்தாள். குழந்தையைச் சேந்தன் கையில் கொடுத்தாள். "அரும்பு, வேண்டாம்" என்று அவன் சொன்னது அவள் காதில் விழவில்லை. வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

தண்ணீர் வந்தது. அவள் கணுக்காலைத் தொட்டது. அதைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு தடவை சுற்றிக்கொண்டு, மெல்லப் போனது. அரும்பு இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். மறுபடி அள்ளி, தலையில் ஊற்றிக்கொண்டாள்.

"இவதானா?" என்று தண்ணீர் காத்தாயியிடம் கேட்டது.

"இவதான்."

அதற்குள் அரும்பு தண்ணீரிலேயே நடந்துவந்து அக்காளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காத்தாயியின் உள்ளங்கையைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரமும் நடந்தா வந்தே அக்கா?"

"தனியா வரலைடி" என்றாள் காத்தாயி. "பேசிக்கிட்டே வந்தோம்."

நல்லாண்டி கூடையைக் கீழே போட்டார். முதலில் ஒரு செம்பு வந்தது, பிறகு குடங்கள், பிறகு மாடுகள். சேந்தன் குழந்தையைக் கொண்டுவந்து கொடுக்க, காத்தாயி அதைத் தன் முன்கையில் கிடத்தி, கரையோரத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் குளிப்பாட்டினாள். குழந்தை வீரிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள்கூட இறங்கி வந்தார்கள்.

பொழுது இறங்கியபோது காத்தாயிக்கு நிற்க முடியவில்லை. ஆனால் ஒரு கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவும் பயமாக இருந்தது. தண்ணீருக்கும் அது தெரிந்தது.

"நீ வீட்டுக்குப் போகணும்ல?" என்றது. "நீ போயிட்டா நான் யாரைப் பிடிச்சுக்கிட்டு நடப்பேன்? பழையபடி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு காத்தாயி."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வாய்க்காலின் இரண்டு பக்கமும் வெறும் மண்கரை. அதற்கு மேலே, பயந்து எட்டி நின்ற கோரையும் அறுகும் காய்ந்து கிடந்தன. காத்தாயி கரையைத் தட்டிச் சொன்னாள்: "கரையே, நீ இனிமே இதைத் தள்ளிவிடாதே. தொட்டுப் பிடிச்சுக்க. மணலே, நீ அடியில பிடிச்சுக்க. கோரையே, அறுகே, பயப்படாம இறங்கி வந்து ஆளுக்கொரு விரலை நீட்டுங்க. இது யாரையும் வேணும்னு இழுக்கிறதில்லை. துணை இல்லாம ஓடிப் பழகிடுச்சு."

கோரை முதலில் வேரை நீட்டியது. அறுகு தண்டை நீட்டியது. மண் தன் சொரசொரப்பைக் கொடுத்தது. காத்தாயி ஒவ்வொரு விரலாக எடுத்தாள். சுண்டுவிரல் கடைசியாக வந்தது. எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு நொடி தடுமாறியது. பிறகு வேரைச் சுற்றிவந்து, மண்ணைத் தடவிக்கொண்டு, அவளுடைய அதே நின்று நின்று போகும் நடையில் போயிற்று.

"போயிட்டு வர்றேன் காத்தாயி" என்றது.

"வந்துக்கிட்டே இரு" என்றாள் அவள்.

அரும்பும் சேந்தனும் ஆளுக்கொரு தோளாக அவளைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு அவள் மலைக்குத் திரும்பவில்லை. தங்கை வீட்டிலேயே இருந்து அந்தப் பெண்குழந்தையை வளர்த்தாள்.

வெள்ளாங்காட்டு வாய்க்காலிலிருந்து மற்ற வாய்க்கால்களுக்கும், அங்கிருந்து ஆறுகளுக்கும் தண்ணீர் இந்த நடையைச் சொல்லிக்கொண்டே போனது. அன்று முதல்தான், எந்த வாய்க்காலிலும் எந்த ஆற்றிலும் நடுத்தண்ணீர் விரைந்து போக, கரையையும் அடிமணலையும் தொட்ட தண்ணீர் மெல்ல நடக்கிறது. அந்த மெல்லிய தண்ணீரில்தான் மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளர்கின்றன, உள்ளான் குருவி வாலை ஆட்டிக்கொண்டு மேய்கிறது, தாய்மார் பயமில்லாமல் இறங்கிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள்.